கெஞ்சுகிற தந்தை



திருப்பலி முடிந்து நான் கோயில் வாசலில் நிற்கும்போது, பாட்டிமார் பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவீர்கள். "சாமிக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்பீர்கள். பிள்ளை சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நீங்கள் விடுவதில்லை. அதன் இரண்டு கைகளையும் பிடித்துக் குவித்து வைத்து, அதற்குப் பதிலாக நீங்களே ஸ்தோத்திரமும் சொல்லிவிடுவீர்கள். நானும் சிரித்துக்கொண்டே நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவேன். கை குவிந்தது, வார்த்தை வந்தது, ஆசீரும் கிடைத்தது. பிள்ளை மட்டும் அதில் இல்லை. கொஞ்ச காலம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, அதே பிள்ளை கூட்டத்துக்குள் புகுந்து ஓடிவரும். என் அங்கியைப் பிடித்து இழுத்து, வாயில் பாதி மிட்டாயோடு, "ஸ்தோத்தம் சாமி" என்று சொல்லும். உச்சரிப்பு சரியில்லை. கையும் குவியவில்லை, ஒரு கையில் மிட்டாய்க் காகிதம் இருக்கிறதே! ஆனால் அந்த நேரத்தில் பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு ஸ்தோத்திரங்களில் எது உங்கள் மனதைக் குளிரவைத்தது என்று நான் கேட்கப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நான் கேட்க நினைப்பது வேறு. நம் கைகளைப் பிடித்துக் குவித்து வைக்கக் கடவுளால் முடியாதா? கடலுக்கு எல்லை வகுத்தவருக்கு உங்களையும் என்னையும் ஒழுங்காக முழந்தாளிட வைப்பது பெரிய காரியமா? அப்படி அவர் செய்திருந்தால் உலகத்தில் கொலை இல்லை, குடி இல்லை, பொய்ச்சாட்சி இல்லை, பங்காளிச் சண்டை இல்லை. திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூசிக்கொள்ளவும் வேண்டியிருக்காது. பிறகு ஏன் நம்மை நம் போக்கில் விட்டுவைத்தார்?

இன்று தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. ஊதா உடைக்குப் பதிலாக நான் ரோஜா நிறத்தில் வந்து நிற்பதைப் பார்த்து, முன்வரிசையில் சிறுவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டதை நானும் கவனித்தேன். மகிழ்ச்சி ஞாயிறு என்று இதற்குப் பெயர். பாதி நோன்பு தாண்டிவிட்டது, பாஸ்கா நெருங்குகிறது, சோர்ந்துவிடாதீர்கள் என்று தாய்த் திருச்சபை நம் முதுகில் தட்டிக்கொடுக்கிற நாள். இந்த நாளுக்கு அவள் எடுத்து வைத்திருக்கிற நற்செய்தி லூக்கா 15ஆம் அதிகாரம்: ஒரு தந்தை, இரண்டு மகன்கள். சிறு வயது முதல் நாம் கேட்டுவந்த கதை. கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால், அதில் இருக்கிற காரம் நமக்கு உறைப்பதில்லை.

தகப்பன் உயிரோடு இருக்கும்போதே, என் பங்கைப் பிரித்துக் கொடு என்று இளைய மகன் வந்து நிற்கிறான். நம் ஊரில் இது நடந்தால் தெருவே கூடிவிடும். பெரிய மனிதர்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, பையனை நாலு வார்த்தை திட்டி, அப்பா கண்ணை மூடும்வரை பொறுத்துக்கொள் என்று அனுப்பி வைப்பார்கள். இயேசு சொன்ன தந்தை திட்டவில்லை, ஆள் கூட்டவும் இல்லை. கேட்டதைப் பிரித்துக் கொடுத்தார். மகன் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனதையும் தடுக்கவில்லை. அவரிடம் ஆள்பலம் இல்லையா? வீடு நிறைய வேலையாள்கள் இருந்ததாகக் கதையே சொல்கிறது. நாலு பேரை அனுப்பி, ஊர் எல்லையிலேயே மடக்கித் தூக்கிவந்து, அறையில் போட்டுப் பூட்டியிருக்கலாம். பூட்டியிருந்தால் பன்றி மேய்க்கிற அவலம் நேர்ந்திருக்காது, பட்டினியும் நேர்ந்திருக்காது. வீட்டில் ஒரு கைதி மட்டும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான். அந்தத் தந்தைக்கு வேண்டியிருந்தது மகன்.

அன்பு மக்களே, நாம் ஏன் படைக்கப்பட்டோம் என்ற கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்தக் காலத்து ஞானோபதேசம் படித்த பெரியவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். சர்வேசுரன் நம்மை எதற்காகப் படைத்தார் என்று நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவீர்கள். அவரை அறிய வேண்டும், நேசிக்க வேண்டும், சேவிக்க வேண்டும், கடைசியில் மோட்ச பாக்கியத்தை அடைய வேண்டும். நல்ல பதில், இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அறிவை அடித்தும் புகட்டலாம். பிரம்போடு நின்ற உபதேசியாரை மறந்தவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. சேவையைக் கூலி கொடுத்தும் வாங்கலாம், பயமுறுத்தியும் வாங்கலாம். நடுவில் இருக்கிற நேசத்தை என்ன செய்து வாங்குவது? அதைத் தானாக யாராவது தந்தால்தான் உண்டு.

கடவுளுக்கு நம்மிடம் ஏதாவது தேவைப்பட்டிருக்குமோ என்று சிலருக்கு ஓர் எண்ணம் உண்டு. தனியாக இருந்து அலுத்துப்போய்ப் படைத்தாரோ, புகழ்பாட ஆள் தேடினாரோ என்றெல்லாம் இளையோர் கூட்டத்தில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பது தவறில்லை. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரின் ஆயராக இருந்த புனித இரேனியுஸ் இதற்கு எப்போதோ விடை எழுதி வைத்துவிட்டார். ஆதாமைப் படைத்தபோது கடவுளுக்கு மனிதனுடைய உதவி எதுவும் தேவைப்படவில்லை. தம்முடைய நன்மைகளைக் கொட்டிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அதற்காகவே படைத்தார் என்பது அவர் சொன்னதன் பொருள். 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த இரேனியுசைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைத் திறந்தாலும் முதல் பத்தியிலேயே இதைக் காண்பீர்கள். கடவுள் தமக்குள்ளேயே நிறைவானவர், பேரின்பம் உடையவர். அந்தப் பேரின்பத்தில் பங்கு தரவே மனமுவந்து மனிதரைப் படைத்தார் என்று அது தொடங்குகிறது. தந்தை மகனையும், மகன் தந்தையையும், தூய ஆவியில் என்றென்றும் அன்புசெய்துகொண்டிருக்கிற வீட்டில் எந்தக் குறையும் இல்லை. குறையில்லாத அந்த வீட்டுக்குள்தான் நம்மையும் கூப்பிட்டார்கள்.

இதைச் சிலருக்காகவே அழுத்திச் சொல்கிறேன். மூன்றாவதும் பெண்ணா என்று முகம் சுளித்த வீட்டில் பிறந்த மகளே, சம்பாத்தியம் நின்றபின் பிள்ளைகள் வீட்டில் மாதக்கணக்கு வைத்து மாற்றி மாற்றி அனுப்பப்படுகிற ஐயா, அம்மா, குழந்தை இல்லையென்று விசேஷ வீடுகளில் பின்வரிசைக்கு ஒதுக்கப்படுகிற சகோதரி, உங்களால் என்ன பயன் என்று கணக்குப் பார்த்துக் கடவுள் உங்களைப் படைக்கவில்லை. பயன் தீர்ந்ததும் ஒதுக்கிவைக்கப் போவதும் இல்லை. உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் உங்களைப் படைத்தார். வாங்கிக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே அவருக்கு மகிழ்ச்சி.

சரி, கொடுக்கிறவர் அன்பை ஏற்றுக்கொள்ளும் இதயத்தை மட்டும் கொடுத்திருக்கலாமே, மறுக்கிற திறனை ஏன் கொடுத்தார்? தொடக்கநூல் நம்மை ஏதேன் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறது. அங்கே ஒரு மரம், ஒரு கட்டளை. அந்த மரத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் சொன்னான். வேலி போடத் தெரியாதவரா அவர்? பின்னால், மனிதர் வெளியேறியபின், வாழ்வின் மரத்துக்குப் போகும் வழியைக் காக்கக் கெருபுகளையும் சுடரொளி வாளையும் நிறுத்தினார் என்று அதே நூல் சொல்கிறது. ஆனால் முதலில் நிறுத்தவில்லை. சொன்ன சொல்லை நம்புவார்கள் என்று விட்டுவைத்தார். அவர்கள் நம்பவில்லை.

அதன்பிறகு நடந்ததை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். மென்காற்று வீசிய பொழுதில் கடவுள் தோட்டத்தில் உலாவ வருகிறார். இருவரும் மரங்களுக்கிடையே ஒளிந்துகொள்கிறார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். எங்கே என்று அவருக்குத் தெரியாமலா? தானாக வெளியே வரட்டும் என்று ஒரு வாய்ப்பு. வந்தவர்களோ பழியை ஒருவர்மேல் ஒருவர் போடுகிறார்கள். தண்டனை சொல்கிறார், உண்மைதான். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் தாமே தோலாடைகள் செய்து அவர்களுக்கு உடுத்திவிடுகிறார். இலைகளைத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்குப் படைத்தவரே அமர்ந்து ஆடை செய்கிறார் என்றால், அந்த மனது எப்படிப்பட்டது! மனிதர் செய்த முதல் பாவத்துக்கும் அவர்கள் தோட்டத்தை விட்டுப் போனதற்கும் நடுவில் இந்த இரக்கம் இருக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே அந்த அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எடுத்துப் படியுங்கள்.

உங்களில் மணமானவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் திருமணத்தில், கையோடு கை சேர்த்து வாக்குக் கொடுக்கும் முன், குரு உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நினைவிருக்கிறதா? பாதிப் பேருக்கு இருக்காது. வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றிருப்பார், மாலை கழுத்தை உறுத்தியிருக்கும். எந்த வற்புறுத்தலும் இல்லாமல், மனப்பூர்வமாகத்தான் வந்திருக்கிறீர்களா என்பது அந்தக் கேள்வி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, ஓலை வாசிக்கும் முன், பங்குக் குரு மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியே உட்காரவைத்து இதையே விசாரித்திருப்பார். பெற்றோரைக்கூட அறைக்கு வெளியே நிறுத்திவிடுவோம். சிலருக்கு இதில் வருத்தம். எங்கள் பெண்ணை எங்களுக்குத் தெரியாதா சாமி என்பார்கள். வலுக்கட்டாயத்தாலோ பெரும் அச்சத்தாலோ செய்த மணம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 1103ஆம் விதி. மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, ஆயிரம் பேருக்குச் சமைத்தாயிற்று, ஆயரே வந்து ஆசீர்வதித்தார் என்றாலும், அந்தப் பெண்ணின் "ஆம்" உள்ளத்திலிருந்து வராவிட்டால் அங்கே திருமணமே நடக்கவில்லை.

இவ்வளவு கண்டிப்பைத் திருச்சபை எங்கிருந்து கற்றது? தன் ஆண்டவரிடமிருந்துதான். மார்ச் 25, கிறிஸ்து பிறப்பின் அறிவிப்புப் பெருவிழா. உலகத்தை மீட்க மனுவுருவாக வேண்டும் என்று தீர்மானித்த கடவுள், நாசரேத்து என்ற சின்ன ஊரில் ஓர் இளம்பெண்ணிடம் தூது அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். மரியா கலங்கினார், கேள்வி கேட்டார், வானதூதர் பொறுமையாக விளக்கம் சொன்னார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து இந்த இடத்துக்கு வந்ததும் மரியாவைப் பார்த்து மன்றாடத் தொடங்கிவிடுகிறார்: தூதர் காத்திருக்கிறார், ஆதாமும் ஆபிரகாமும் தாவீதும் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் பதில் சொல்லுங்கள் அம்மா என்கிற பாவனையில். மறையுரை சொல்கிறவர் இப்படிப் பதறுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. மரியா மறுத்திருக்கலாம். மறுக்க முடியும் என்பதால்தான் அவருடைய சம்மதத்தை நாம் நாள்தோறும் மூவேளைச் செபத்தில் கொண்டாடுகிறோம்.

ஆனால் கோயிலுக்குள் அழகாகத் தோன்றுகிற இந்தச் சுதந்திரம் வீட்டுக்குள் வந்தால் எப்படி இருக்கிறது? உங்களில் ஒரு தாய் என்னிடம் கேட்டது மனதில் கிடந்து உறுத்துகிறது. மகனுக்குக் குடி. வாங்குகிற கூலி டாஸ்மாக்கில் போகிறது; மருமகள் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். "சாமி, ஆண்டவர் நினைச்சா அவன் மனசை ஒரு நிமிஷத்துல மாத்த முடியாதா? நான் கேக்காத நாள் இல்லையே" என்றார். கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தத் தாய்க்கும் அவரைப் போன்ற எல்லாத் தாய்மாருக்கும் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். குடிநோய் ஒரு நோய். வெறும் திமிர் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். பழக்கமும் அச்சமும் அறியாமையும் வற்புறுத்தலும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், சில வேளைகளில் இல்லாமலே ஆக்கிவிடும் என்று நம் மறைக்கல்வி நூலே சொல்கிறது. ஆகவே மகனுக்காகச் செபமாலை சொல்லுங்கள். சிகிச்சைக்கும் அழைத்துப் போங்கள். கூடவர ஆள் வேண்டுமென்றால் நம் அன்பியத்தில் சொல்லுங்கள், வருவார்கள். அவனுடைய சுதந்திரம் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்க உதவுவதும் அன்புதான்.

இரண்டாவது, புனித மோனிக்காவின் கதையில் ஓர் இடம். அவருடைய மகன் அகுஸ்தின், கி.பி. 354இல் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். அறிவாளி, தாயின் விசுவாசத்தை உதறியவர். 383இல் கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து உரோமைக்குக் கப்பலேற முடிவு செய்தார். மோனிக்கா விடவில்லை, போகாதே, இல்லையென்றால் என்னையும் கூட்டிப்போ என்று பிடித்துக்கொண்டார். நண்பரை வழியனுப்ப வேண்டும், காற்றுக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு பொய்யைச் சொல்லி, துறைமுகத்துக்கு அருகிலிருந்த புனித சிப்ரியான் சிற்றாலயத்தில் தாயைத் தங்கவைத்துவிட்டு, இரவோடு இரவாக மகன் கப்பலேறிவிட்டார். அந்த இரவு முழுவதும் தாய் ஆலயத்துக்குள் அழுது கேட்டது ஒன்றுதான்: கப்பல் கிளம்பக் கூடாது. காற்று அடித்தது, கப்பல் கிளம்பியது. விடிந்ததும் கரையில் நின்று அந்தத் தாய் கதறியதைப் பின்னாளில் மகனே எழுதியிருக்கிறார். உரோமைக்குப் போனவர் அங்கிருந்து மிலானுக்குப் போனார். மிலானில் ஆயர் அம்புரோசு இருந்தார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் அந்த அம்புரோசு கையால் அகுஸ்தின் திருமுழுக்குப் பெற்றார். எப்போதும் கேட்டுவந்ததைத் தருவதற்காக, அன்று இரவு கேட்டதைக் கடவுள் தரவில்லை என்பது அகுஸ்தினின் புரிதல். மகன் ஓடிப்போன கப்பலைக் கடவுள் தடுக்கவில்லை, அம்மா. அக்கரையிலும் அவரே இருந்தார்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் சுதந்திரத்தைக் கெட்ட வழியில் பயன்படுத்தினால் அடி இன்னொருவர்மேல் அல்லவா விழுகிறது? ஒன்றும் அறியாதவர் சாகிறாரே? இந்தக் கேள்விக்கு நெற்றியில் அடித்தாற்போல் ஒரு பதில் என்னிடம் இருக்கிறது என்று பாசாங்கு செய்ய மாட்டேன். நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கேரளத்தில் புல்லுவழி என்ற ஊரில் 1954இல் பிறந்து, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்த அருள்சகோதரி இராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் பகுதியில் ஏழைப் பழங்குடி மக்களோடு வேலை செய்தார். வட்டிக்காரர் பிடியிலிருந்து அவர்கள் வெளியே வர வழி காட்டினார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25ஆம் நாள், இந்தூருக்குப் போகும் பேருந்தில், தூண்டிவிடப்பட்ட ஓர் இளைஞர் பயணிகள் கண்முன்னே அவரைக் கத்தியால் திரும்பத் திரும்பக் குத்திக் கொன்றார். இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் இறந்தார். இளைஞருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதோடு நாமெல்லாம் செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவோம்.

இராணி மரியாவின் தங்கை செல்மி, அவரும் அதே சபையின் கன்னியர். 2002இல், ரக்ஷாபந்தன் நாளில், அவர் இந்தூர் சிறைக்குப் போனார். அக்காவைக் குத்திய கையில் ராக்கி கட்டி, அந்த மனிதரைத் தன் சகோதரன் என்று ஏற்றுக்கொண்டார். இராணி மரியாவின் தாயும் பிறகு அவரைச் சந்தித்து அவருடைய கைகளை முத்தமிட்டார். மகளின் இரத்தம் பட்ட கைகள். அவரை விடுவிக்கும்படி குடும்பமே கேட்டுக்கொண்டது. 2006இல் அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது, கூட்டத்தில் அவரும் இருந்தார்.

அந்தத் தங்கையை யார் கட்டாயப்படுத்த முடியும்? எந்தச் சட்டம், எந்த மடத்து ஒழுங்கு, எந்த ஆயர் அவரிடம் போய்க் கொலைகாரனுக்கு ராக்கி கட்டு என்று உத்தரவிட முடியும்? உத்தரவிட்டிருந்தால் அது கொடுமை. அவராகப் போனதால் அது நற்செய்தி ஆயிற்று. கத்தியை எடுத்த அதே மனிதச் சுதந்திரம்தான் ராக்கிக் கயிற்றையும் எடுத்தது. முதலாவது நடக்காதபடி கடவுள் நம் கைகளைக் கட்டிப்போட்டிருந்தால், இரண்டாவதும் நடந்திருக்காது. இது இறந்தவரைத் திருப்பித் தராது. அந்தத் தாயின் கண்ணீருக்கு ஈடாகவும் ஆகாது. சிலுவையில் தொங்கிய மகனும் இதே கேள்விக்குள்தான் தொங்கினார் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். நம் சுதந்திரத்தின் விலையை நமக்கு மட்டும் விட்டுவிடாமல் அவரும் சேர்ந்து கொடுத்தார்.

இப்போது அந்தத் தந்தையின் வீட்டுக்குத் திரும்புவோம். இளையவன் திரும்பி வருகிறான். மனம் திருந்தியா வந்தான், பசி தாங்காமல் வந்தானா என்று மறைநூல் அறிஞர்கள் விவாதிப்பதுண்டு. தந்தை அதையெல்லாம் விசாரிக்கவில்லை. தொலைவிலேயே கண்டு ஓடினார், கட்டிக்கொண்டார், முத்தமிட்டார். வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பு வசனத்தை மகன் முழுதும் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்று கேட்க வந்தவனுக்கு மேலாடை, மோதிரம், மிதியடி. ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரத் தயங்குகிறவர்களே, எப்படிச் சொல்வது, எங்கே தொடங்குவது, எத்தனை வருடம் ஆயிற்று என்று நீங்கள் ஒத்திகை பார்க்கிற வசனம் தடுமாறினால் ஒன்றும் குறைந்துபோகாது. அவருக்கு முதல் வாக்கியம் போதும்.

மூத்தவனைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம்மில் பலரைப் பற்றிச் சொல்லாமல் போனதாகிவிடும். அவன் வீட்டை விட்டுப் போகவே இல்லை. நாள் தவறாமல் வயலுக்குப் போனான், கட்டளை மீறவில்லை. ஞாயிறு திருப்பலி, சபைக் கூட்டம், அன்பியச் செபம், கோயில் வரி எதிலும் குறை வைக்காத நம்மைப் போல. ஆடல் பாடல் சத்தம் கேட்டதும் உள்ளே வர மறுத்துவிடுகிறான். இத்தனை வருடமாக அடிமைபோல் உழைத்தேனே என்கிறான். அந்த ஒரு சொல்லில் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. வீட்டிலேயே இருந்துகொண்டு, மகனாக இருக்க ஒருநாளும் சம்மதிக்காதவன் அவன். உங்களையும் என்னையும் இந்த இடம் சுட வேண்டும். நான் திருப்பலி நிறைவேற்றுவது கடமைக்கா, அன்புக்கா? நீங்கள் வயதான மாமியாருக்குச் சோறு போடுவது ஊர் பேசும் என்றா, அவர் உங்கள் அம்மா என்றா?

சுட்ட இடத்துக்கு மருந்தும் அங்கேயே இருக்கிறது. தந்தை என்ன செய்தார்? விருந்தினர் உள்ளே இருக்க, வீட்டுத் தலைவர் எழுந்து வெளியே வந்தார். வந்து, உள்ளே வா என்று ஆணையிடவில்லை. கெஞ்சிக் கேட்டார். இளையவனுக்காக ஓடியவர் மூத்தவனுக்காகவும் வாசலைத் தாண்டி வந்தார். என்னோடு எப்போதும் இருக்கிறாய், என்னுடையதெல்லாம் உன்னுடையதுதானே மகனே என்ற பொருளில் மன்றாடினார். இன்றைய இரண்டாம் வாசகத்தில் புனித பவுலும் கொரிந்து மக்களிடம் இதையேதான் செய்கிறார். கடவுளே எங்கள் வழியாக வேண்டுகிறார், அவரோடு ஒப்புரவாகுங்கள் என்று கிறிஸ்துவின் பெயரால் மன்றாடுகிறார். எல்லாம் வல்லவர் நம்மிடம் மன்றாடுகிறார், சகோதர சகோதரிகளே. எத்தனையோ தெய்வங்களைப் பற்றி மனிதர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பயந்து, படையல் வைத்து, சமாதானப்படுத்தியிருக்கிறார்கள். நம்மைப் படைத்தவர் நம் வாசலில் வந்து கெஞ்சுவார் என்பதை இயேசு சொல்லித்தான் நாம் அறிந்தோம்.

மூத்தவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. லூக்கா எழுதவில்லை. கதை அந்த வாசலிலேயே நிற்கிறது, ஏனென்றால் மீதியை நாம்தான் முடிக்க வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதை முடிந்ததும் நான் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருப்பேன். கடைசி ஆள் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன். வருடக்கணக்காக வராதவர்களும் வாருங்கள். அண்ணன் தம்பியோடு, அக்கா தங்கையோடு பேச்சை நிறுத்தி வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் ஒருமுறை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வாருங்கள். உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆண்டவர் பெயரால் கெஞ்சிக் கேட்கிறேன், வாருங்கள்.